கிளைச்சிறையின் சம்மதம்

கல்யாண மண்டபம் ஆக்கலாமா என்று கேட்டபோது ஜெயில் மாட்டேன் என்றது. "முந்நூறு பேர் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். ஒருவர் பெயரையும் யாரும் எழுதிவைக்கப் போவதில்லை. சம்மதமில்லை" என்று எழுத்துமூலமாகவே பதில் வந்தது. சரி, அருங்காட்சியகம்? "நான் பார்க்கிற வேலையில் இருந்தவன். என்னைப் பார்க்க ஆள் வருவதில் உடன்பாடில்லை." பிறகு ஒரு ஹோட்டல்காரர் கோட்டும் சூட்டுமாக வந்து, கொட்டடிகளையெல்லாம் குளுகுளு அறைகளாக்கி வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கப் போவதாக ஆசை காட்டினார். அவருக்குக் கிடைத்தது ஒரே வரி. "விரும்பி வருகிறவர்களை வைத்துப் பழக்கமில்லை."

மேலக்கரைப்பேட்டை முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பெண் பார்க்கப் போய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று திரும்புகிற மாப்பிள்ளைகளை, 'அவன் நம்ம ஜெயில் ரகம்லா' என்று கேலி செய்கிற அளவுக்குப் போனது.

சிரிக்காத ஒரே ஆள் ஜெபக்கனி. ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். ஆனால் ஆஸ்பத்திரிதான் இல்லை. போன ஐப்பசி வெள்ளத்தில் கூரை போய், பின்சுவர் போய், கடைசியில் ஆற்றோரம் இனி எதுவும் கட்டக்கூடாது என்ற உத்தரவில் அந்த இடமே போயிற்று. பதினோரு மாதமாக ஊர்ப் பெண்கள் வலியெடுத்ததும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் போகிறார்கள். ஒரு பிள்ளை ரயில்வே கேட்டில் பிறந்தது. இன்னொன்று பெட்ரோல் பங்கில். ஊரில் வெள்ளம் தொடாத பெரிய கட்டடம் ஒன்றே ஒன்று. மேட்டில், மூன்றடி கனச் சுவரோடு, முப்பத்தொரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற பழைய கிளைச்சிறை.

புதன்கிழமை காலை அந்தச் சிறையின் வாசலில் நின்றுகொண்டு ஜெபக்கனி கேட்டாள்.

"நூத்தி எழுவது வருசத்துக் கல்லும் சுண்ணாம்பும். அதுகிட்டப் போயி எதுக்குங்க சம்மதம் கேக்கணும்?"

கேட்கப்பட்டவர் ஆவுடைநாயகம், மரபுக் கட்டட அலுவலர். பூனை குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டுப் போகிற மனிதர்.

"சட்டம் அப்படிம்மா. முன்னெல்லாம் கேக்க ஆளில்லன்னு இஷ்டத்துக்கு இடிச்சாவ. அரண்மனைய கார் ஷோரூம் ஆக்குனாவ. அதுக்குப் பொறவுதான் இது. நூறு வருசம் தாண்டுன கட்டடம்னா அதுக்கு ஒரு மனம் செஞ்சு வைக்கணும். அதோட பழைய பதிவேடு அத்தனையும் படிக்கக் குடுப்போம். தரை எங்க தேஞ்சிருக்கு, கம்பில எங்க கை பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கு, சத்தம் எங்க எப்படி எதிரொலிக்கும், எல்லாத்தையும் அளந்து குடுப்போம். அதெல்லாம் சேந்து, இந்தக் கட்டடம் ஒரு ஆளா இருந்தா எப்படிப் பேசுமோ அப்படிப் பேசும். அது சரின்னு சொல்லாம அங்க ஒரு ஆணி அடிக்க முடியாது."

"நல்லாருக்குய்யா. கல்லுக்குக் கேக்க ஆள் வந்தாச்சு. ஆஸ்பத்திரிய முப்பத்தெட்டு கிலோமீட்டருக்குத் தள்ளி வச்சியளே, அப்போ எங்கூர்ப் பொம்பளையள்ட்ட ஒரு வார்த்த யாரு சம்மதம் கேட்டா?"

ஆவுடைநாயகம் கோப்பைத் திறந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மூன்று நாள் ஒத்திகை. ஆஸ்பத்திரி எப்படி நடக்குமோ அப்படியே உள்ளே நடத்திக் காட்டவேண்டும். கதவு ஜெயிலின் பொறுப்பில். அவசரத்துக்கு அவரிடம் ஒரு சாவி உண்டு. அதைப் போட்டுத் திறந்தால் ஒத்திகை தோற்றதாக அர்த்தம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஜெயில் சரி என்று சொல்லவேண்டும். ஏற்கெனவே மூன்று முறை மறுத்தாயிற்று. நான்காவது முறையும் மறுத்தால் சட்டப்படி நிரந்தரமாகப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். மேலக்கரைப்பேட்டைக்கு ஒதுக்கிய பிரசவ வார்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

நாள் நெருங்கிய நான்கு பெண்கள் ஒத்திகைக்கு வரச் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் வாய்த்துடுக்கு அதிகமுள்ளவள் பேச்சியம்மாள். பீடி சுற்றுகிறவள், தலைப்பிரசவம். பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவு திறந்தது. நிறைவயிற்றோடு குனிய முடியாமல் நான்கு பேரும் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நுழைந்தார்கள்.

"பெயர், தகப்பன் பெயர், ஊர், குற்றம்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் குரல் போல ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது.

"பேச்சியம்மா. அப்பா பேரு சுடலைமுத்து. குத்தம் என்னன்னு எங்க வீட்டுக்காரரத்தான் கேக்கணும்" என்றாள் பேச்சியம்மாள். பின்னால் நின்ற மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெயில் அதை "விசாரணையில்" என்று குறித்துக்கொண்டது.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. கொட்டடிகள் குளிர்ச்சியாக இருந்தன. வெளிச்சத்தம் உள்ளே வரவில்லை. பெண்களையே அடைத்துப் பழகாத ஆண்கள் ஜெயில் என்பதால் அதற்கு எல்லாமே விசித்திரமாக இருந்தது. பூ எதற்கு, வளையல் எதற்கு, இத்தனை தடவை ஏன் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் பெண்கள் அதை 'ஜெயில் அண்ணாச்சி' ஆக்கிவிட்டார்கள்.

மாலை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது.

"அடைப்பு நேரம். நோயாளிகள் எண்ணிக்கை சொல்லவும்."

"எட்டு" என்றாள் ஜெபக்கனி, கையிலிருந்த வார்டு நோட்டைப் பார்த்து.

"நான்கு."

"எட்டு அண்ணாச்சி. நாலு தாயி, நாலு பிள்ள."

"பிள்ளைகள் தென்படவில்லை. தலை நான்கு. எண்ணிக்கை நேராகாமல் கதவு திறக்கப்படாது."

இப்படி எண்ணுவது ஜெபக்கனியின் ஆஸ்பத்திரி வழக்கம். வேறெங்கும் கிடையாது. கர்ப்பிணி உள்ளே வந்தால் வார்டு நோட்டில் இரண்டு என்றுதான் எழுதுவார்கள்; எழுதிப் பழகிய கை, ஒத்திகையிலும் அப்படியே எழுதிவிட்டது. ஆவுடைநாயகம் ஓடிவந்தார். அவருக்கு இரவுச் சாப்பாடு வீட்டில். ஏழரைக்கு மேல் போனால் கிடைக்காது.

"நாலுன்னே சொல்லிருங்கம்மா. உங்களுக்கு வார்டு வேணுமா, எட்டு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"ஒரு எண்ணுல என்னம்மா இருக்கு?"

ஜெபக்கனி வார்டு நோட்டை மூடினாள். பதில் சொன்னபோது குரல் தணிந்திருந்தது.

"வெள்ளத்தன்னைக்குப் படகுக்காரங்கட்ட எட்டுப் பேருக்கு மருந்தும் ஆக்ஸிஜனும் வேணும்னு சொல்லி விட்டேன். வந்து எட்டிப் பாத்தாவ. நாலு தலதான இருக்குன்னு நாலு பேருக்குக் குடுத்துட்டுப் போய்ட்டாவ. அன்னைக்கு ராத்திரிக்குள்ள மூணு பிள்ள பொறந்துச்சு. ஒன்னு மூச்சுக்குத் தவிச்சு என் கையிலயே போச்சு. நாலுன்னு நான் சொல்ல மாட்டேங்கய்யா. ஆர் சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

ஜெயில் எட்டையும் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொண்டது. பிறகு, "எண்ணிக்கை தகராறில் உள்ளது. வெள்ளிக்கிழமை அடைப்பு நேரத்துக்குள் நேராக வேண்டும். நேராகாவிட்டால் சம்மதம் இல்லை" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது.

அவள் வைராக்கியத்தால் ஊருக்கு வார்டு இல்லாமல் போகப்போகிறது என்று ஒரு பேச்சு அன்றே கிளம்பியது. ஜெபக்கனியும், ஆண்டவரே, நான் செய்வது சரிதானா என்று நூறு முறை கேட்டுக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்தால் எட்டு என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன அதிசயம் நடந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரம். ஜெபக்கனி, அடுத்த ஷிப்டுக்கு வந்த ரஹமத்நிஷாவை அழைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனாள். "ஒன்னாம் கட்டில், பிரஷர் சரியாருக்கு, காலு லேசா வீக்கம். ரெண்டாங் கட்டில், காலைல சரியாச் சாப்பிடல. மூணு, பேச்சி, பிள்ள தல கீழ எறங்கிருச்சு, கவனம்." ஒவ்வொன்றுக்கும் ரஹமத்நிஷா தலையாட்டி, கடைசியில் நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"இது என்ன?" என்றது ஜெயில். அது குரல் மாறிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டூட்டி ஒப்படைக்கோம் அண்ணாச்சி. நான் போவணும்னா எல்லாரையும் அவகிட்டக் காட்டி, சொல்லி, ஒப்படச்சுட்டுத்தான் போவணும்."

"ஒவ்வொரு ஷிப்டிலுமா?"

"வெள்ளத்தன்னைக்குக்கூட."

"இங்கும் அதுதான் வழக்கம்" என்றது ஜெயில். "வார்டர் மாறும்போது கொட்டடி கொட்டடியாக நின்று ஒப்படைப்பார்கள். கடைசி நாள் கைதிகளை லாரியில் ஏற்றினார்கள். பூட்டினார்கள். யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை."

ஜெபக்கனி சுவரை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள். அன்று மாலையிலிருந்து ஜெயில் தானாகவே வேலை பார்க்க ஆரம்பித்தது. இரண்டாம் கட்டில் இட்லியைத் தொடவில்லை, ஒன்றாம் கட்டில் மூன்று முறை புரண்டு படுத்தது, நான்காம் கட்டில் அழுகிறது, யாராவது போகவும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இத்தனை அக்கறையும் இருந்து, ஐந்தே முக்காலுக்கு மணி அடித்ததும் "நான்கு" என்றது. ஜெபக்கனி "எட்டு" என்றாள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குப் பேச்சியம்மாளுக்கு வலி எடுத்தது.

வெளியே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஜெபக்கனி பரிசோதித்துப் பார்த்துவிட்டு, போகவேண்டியதில்லை, இங்கேயே ஆகும் என்றாள். சிறைச்சுவருக்கு வெளியே ஊர் கூட ஆரம்பித்தது. பேச்சியம்மாளின் கணவன் இசக்கிமுத்து கதவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே போட்டுவிட்டான். நான்கரை மணிக்குப் பேச்சியம்மாள் போட்ட கூச்சல் மூன்றடிச் சுவரைத் தாண்டி வெளியே கேட்டது.

உடனே ஜெயிலின் அத்தனை விளக்கும் எரிந்தன.

"கூச்சல் கேட்கிறது. அடிப்பது யார்? பெயர் சொல்லவும்."

அந்தச் சுவர்கள் இதுவரை எந்தக் கூச்சலைக் கேட்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. ரஹமத்நிஷாவின் கண் கலங்கிவிட்டது.

"ஆரும் அடிக்கல அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி, கையுறையை மாட்டிக்கொண்டே. "பிள்ள வருது."

"எந்த வழியாக? கதவு பூட்டியிருக்கிறது."

இந்த வலியிலும் பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த அண்ணாச்சிய முதல்ல வெளிய போவச் சொல்லுங்கக்கா" என்றாள். அடுத்த வலியில் சிரிப்பு அழுகையாகி, அழுகை வசவாகி, இசக்கிமுத்துவின் குலத்தையே நான்கு தலைமுறைக்குத் திட்டித் தீர்த்தாள். ஜெயில் விளக்குகளை அவள் கட்டில் பக்கம் கூட்டிக் கொடுத்தது.

ஐந்து முப்பத்தொன்றுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிறந்த வேகத்தில் அழுதான். எதிரொலி கிளப்புவதில் பேர்போன அந்த நீள வராந்தா அவன் அழுகையை வாங்கி, ஒன்றை ஏழாக்கி, கதவு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளியே பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ சரவெடி கொளுத்த, ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடிப்போய் அணைத்தார். இசக்கிமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தே முக்கால். மணி அடித்தது.

ஆவுடைநாயகம் ஒரு கையில் கோப்பும் மறுகையில் சீல் வைக்கிற அரக்குமாக நின்றார். அவருக்கே சீல் வைக்க மனசில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அடைப்பு நேரம்" என்றது ஜெயில். வழக்கமாக அடுத்த வார்த்தை உடனே வரும். இன்று வரவில்லை. விளக்குகள் ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் திரும்பி வந்தன. மறுபடியும் போய் வந்தன.

"நோயாளிகள் ஐந்து. காலையில் நான்கு. அதன்பின் நோயாளி எவருக்கும் கதவு திறக்கப்படவில்லை. சுவரில் துளை இல்லை. கதவு திறக்காமல் இங்கிருந்து தப்பி வெளியே போனவர்கள் ஆறு பேர். அவர்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கதவு திறக்காமல் உள்ளே வந்தவர் ஒருவருமில்லை. இவர் எப்படி வந்தார்? சேர்க்கைப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது?"

ஜெபக்கனி பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்தி வராந்தாவின் நடுவில் நின்றாள். மூன்று நாள் இறுக்கமும் அவள் முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இவன் வெளிய இருந்து வரல அண்ணாச்சி. புதங்கிழமையே வந்துட்டான். அவன் அம்மாகூட அந்தச் சின்னக் கதவு வழியாத்தான் வந்தான். உம்ம கண்ணு முன்னாலதான் வந்தான். நான் எட்டுன்னு சொன்னேன்லா."

விளக்குகள் பிள்ளையின் முகத்தில் நின்றன. ஐந்து ஐம்பது. ஐந்து ஐம்பத்திரண்டு. பிள்ளை கொட்டாவி விட்டான். ஆவுடைநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"புதன்கிழமை எட்டு" என்றது ஜெயில் கடைசியில். குமாஸ்தாக் குரலில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. "வியாழக்கிழமை எட்டு. இன்றும் எட்டு. பிழை என்னுடையது. திருத்தப்படுகிறது. எண்ணிக்கை நேராகிறது."

ரஹமத்நிஷா கை தட்டியேவிட்டாள்.

"அப்படியானால் இது சேர்க்கை அல்ல. வேறு பதிவேடு" என்றது ஜெயில். கதவோரத்து அறையிலிருந்த அச்சு இயந்திரம் கிறீச்சிட்டு ஒரு தாளைத் துப்பியது. "இதற்குப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். விரைவாக."

"ஆரு பொறுப்பாளர்?" என்றார் ஆவுடைநாயகம்.

"கட்டில் கட்டிலாக ஒப்படைக்கிறவர்."

ஜெபக்கனி பிள்ளையை ரஹமத்நிஷாவிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்து, தாளைச் சரியாகப் படிக்கக்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டாள். 'சிறைப் பொறுப்பாளர்' என்று அச்சிட்ட இடத்தில், ஜெ. ஜெபக்கனி. ஐந்து ஐம்பத்தேழு.

ஆவுடைநாயகம் கூரையைப் பார்த்துச் சொன்னார். "இங்க பாரும், இன்னும் மூணு நிமிசந்தான் இருக்கு. சம்மதம்னு ஒரு வார்த்த நீர் சொல்லணும். சொல்லலன்னா நான் பூட்டணும். சம்மதமா, இல்லையா?"

"பொறுப்பாளர் வந்து பொறுப்பெடுத்துவிட்டார்" என்றது ஜெயில். "அவரைக் கேட்காமல் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?"

ஆவுடைநாயகம் இந்தப் பதிலை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, சம்மதம் என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் அடித்தார். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது. அரக்குக் கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்கும் வழிவிடாமல் ஓடிப்போய் வெளியே நின்ற ஊரிடம் சேதி சொன்னார்.

பெரிய கதவு முழுசாகத் திறந்தது. இரண்டு பக்கமும். கீல் துருப்பிடித்து முனகிக்கொண்டே திறந்தது. இசக்கிமுத்து எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் சீனிமிட்டாய்ப் பொட்டலங்களோடு ஊர் நுழைந்தது. அந்த வாசலுக்குள் இத்தனை பேர் சிரித்துக்கொண்டு நுழைவது அதுதான் முதல் தடவை. ஜெயில் ஒருவர் பெயரையும் கேட்கவில்லை.

சந்தடி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஜெபக்கனி தான் கையெழுத்திட்ட தாளைக் கையிலெடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்க அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ரஹமத்நிஷாவுக்குப் புரியவில்லை. தாளை அவளிடம் நீட்டினாள்.

விடுதலைப் பதிவேடு, வரிசை எண் ஒன்று.
பெயர்: இன்னும் வைக்கப்படவில்லை.
தாய் பெயர்: பேச்சியம்மாள்.
குற்றம்: எதுவுமில்லை.
அடைபட்டிருந்த காலம்: ஒன்பது மாதம், நான்கு நாள், தனி அறை.
நடத்தை: அடிக்கடி உதைத்ததாகத் தாய் கூறுகிறார். மன்னிக்கப்பட்டது.
விடுதலைக்கான காரணம்: காலம் நிறைந்தது.